நிக்கிறவர் ஸ்டாப்பிங்

முதலில் வந்தது சத்தம்தான். நவநீதத்துக்கு அப்போது பதினெட்டு வயசு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று பின்கட்டில் உட்காரவைத்து, தலையில் கனகாம்பரத்தைச் சுமத்திவிட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடிவிட்டார்கள். தெருக்கோடியில் கல் பாவிய இடத்தில் லாடம் அடித்த ஒரு ஜோடி பூட்ஸ் டக், டக் என்று, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவே மயிரிழைகூடப் பிசகாமல் வந்துகொண்டிருந்தது; குரைத்துக்கொண்டிருந்த நாய் நிறுத்திக்கொண்டது; பக்கத்து வீட்டில் எதையோ இடித்துக்கொண்டிருந்தவள் தன்னையறியாமல் அந்தத் தாளத்துக்கே உலக்கையைப் போட்டாள்; முகம் தெரியாத அந்த ஆளைப் பற்றி நவநீதம் அப்போதே முடிவு செய்துகொண்டாள், இப்படி நடக்கிறவர் வருகிறேன் என்றால் வருவார், இரு என்ற இடத்தில் இருப்பார் என்று. பிறகு முகத்தைப் பார்த்தாள். முகம் சுமார்தான்.

வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவே இருக்கிற எருக்கம்பட்டில் வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரியில் இருந்தார்கள். ஆனாலும் அந்த நடையை ஊரே தனியாகக் கண்டுகொள்ளும். லான்ஸ் நாயக் கோதண்டம் லீவில் வந்து இறங்கினால் பஸ் போன சத்தம் அடங்குவதற்கு முன்னால் நவநீதம் அடுப்பில் உலை வைத்துவிடுவாள். வருஷத்துக்கு இரண்டு மாசம் வீதம் பதினோரு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பன்னிரண்டாவது வருஷம் அவர் வந்தபோது உலை வைக்கவில்லை, ஏனென்றால் வந்தது வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள்: ஒரு அடி, பிறகு மண்ணில் எதையோ இழுக்கிற ஒரு சர்ர்.

வடக்கே மலைப்பாதையில் சரிந்து கிடந்த பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து உருண்டு வந்த பாறை ஒன்று அவருடைய வலது முட்டியை நொறுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் எட்டு மாசம் வைத்திருந்து, 'ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க இயலாதவர்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் போனதற்கு ஒரு பென்ஷன் உண்டு, காகிதம் பின்னாலேயே வரும் என்றும் சொன்னார்கள். காகிதம் வந்தது. அதில் பென்ஷன் இல்லை, ஒரு கேள்வி இருந்தது: பாறை விழுந்த நேரத்தில் மனுதாரர் பணியில் இருந்தாரா? கோதண்டம் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். விபத்து நடந்த அன்றைக்கே கொடுத்த வாக்குமூலத்தில், பாறை வந்தபோது என் கையில் டீ மக் இருந்தது என்று சொல்லிவைத்திருந்தார். டீ குடித்த அந்த ஐந்து நிமிஷம் தேச சேவையில் சேருமா சேராதா என்று பென்ஷன் கொடுக்கிற பெரிய ஆபீசுக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து ஒன்பது வருஷம் ஓடியது.

அந்த ஒன்பது வருஷத்தில் முட்டி ஆபரேஷனுக்குக் கொல்லை நிலம் போனது. நிலத்தை அடுத்து வீடு போனது. நவநீதத்தின் கழுத்துப் பொட்டு போய் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கு தொங்கியது. அவள் பீடி சுற்றினாள். அவர் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்றுதான் சேர்த்தார்கள், ஆனால் முதலாளி கார் வரும்போது எழுந்து நிற்கவேண்டும், கார் போனபின் முதலாளியின் மச்சான் கார், அதற்குப் பின் கணக்குப்பிள்ளை ஸ்கூட்டர். ராத்திரி வீட்டுக்கு வந்தால் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கியிருக்கும். வீடு என்பது மதார் பாய் டீக்கடைக்குப் பின்னால் அவர் விறகு போட்டுவைத்திருந்த கொட்டகை. வாடகை கேட்டால் மதார் பாய்க்குக் கோபம் வரும். "உங்ககிட்ட வாங்கி நான் எந்த ஊர்ல மாடி கட்டப்போறேன் மிலிட்டரி?" என்பார். கொட்டகைக்குக் கதவு எண் கிடையாது. ஆகவே வீடு போனபின் போட்ட மனுவில் விலாசம் கேட்ட இடத்தில் கோதண்டம் அழகான எழுத்தில் எழுதியிருந்தார்: புளியமரத்தடி, எருக்கம்பட்டு.

டீக்கடைக்கு முன்னால் ரோட்டோரம் நின்ற நூறு வருஷத்துப் புளியமரம். அதைத் தெரியாத ஆள் அந்தத் தாலுகாவில் இல்லை. ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் ஒரு வாரத்தில் அதை வெட்டி, லாரியில் ஏற்றி, வேர் பிடுங்கின குழியில் மண்ணைக் கொட்டிச் சமன் செய்துவிட்டுப் போனார்கள். டீக்கடையைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டிருந்த, ஊரே புழுதியாய்க் கிடந்த அந்த வாரத்தில்தான், ஒன்பது வருஷம் கழித்து, டீ குடித்த ஐந்து நிமிஷமும் பணியே என்று ஒப்புக்கொண்டு பெரிய ஆபீஸ் அனுப்பிய ரிஜிஸ்தர் தபால் எருக்கம்பட்டுக்கு வந்து சேர்ந்தது. கோதண்டம் ஆம்பூரில் ஸ்டூலில் இருந்தார். நவநீதம் பீடிக் கட்டுகளைக் கொடுக்கக் குடியாத்தம் போயிருந்தாள். தபால்காரர் துளசிங்கம் அரக்கோணத்திலிருந்து மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. காய்ச்சலில் கண் எரிய, சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, உறையின் மேல் எழுதினார்: 'குறிப்பிட்ட இடத்தில் மரம் இல்லை. ஆளும் இல்லை.' தபால் வந்த வழியே திரும்பிப் போனது.

இது தெரியவே ஐந்து மாசம் ஆனது. தெரிந்தபின் கோதண்டம் எழுதினார். பெரிய ஆபீஸ் பதில் எழுதியது. அந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று தெரிய வந்திருப்பதால் உத்தரவு நிறுத்தி வைக்கப்படுகிறது, நேரில் விசாரிக்க ஓர் அதிகாரி வருவார், அதுவரை தாங்கள் மேற்படி விலாசத்தில் இருக்கவேண்டும்.

"அவைலபிளா இருக்கணும்னு எழுதியிருக்கான்" என்றார் கோதண்டம்.

"அப்டின்னா?"

"வந்து பாத்தா அங்க இருக்கணும். இல்லாததாலதான மொதல் கடுதாசி திரும்பிப் போச்சி."

"ஊட்ல இருந்தா ஆவாதா?"

"அட்ரஸ் இன்னா? புளியமரத்தடி. மரம் எங்க கீது? மரம் இருந்த எடத்துல நான் நின்னா அட்ரஸ் சரியாப் பூடும்."

மறுநாள் காலையில் தோல் கம்பெனிக்குப் போகாமல், காக்கிச் சட்டையும் முழுக்கால்சட்டையும் போட்டுக்கொண்டு, பூட்ஸுக்கு எண்ணெய் தடவித் துடைத்து மாட்டிக்கொண்டு, ரோட்டோரம் மண் கொஞ்சம் வேறு நிறமாகத் தெரிந்த அந்த வட்டத்தின் நடுவில் போய் நின்றார். சாயங்காலம் நவநீதம் போய்க் கூப்பிட்டாள்.

"வாய்யா, முட்டி வீங்கிக்கும்."

"வலிக்கல நவநீதம்" என்றார் அவர், அதைச் சொல்லும்போதே ஆச்சரியப்பட்டவராக. "இன்னாமோ தெரில, வலிக்கவே இல்ல."

அவர் அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. உட்காரவில்லை, சாயவில்லை, கண் மூடினபோதும் நின்றபடியே மூடினார். பத்து நாள் கழித்து நவநீதம் பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்துவிடலாம் என்று குனிந்தபோது பூட்ஸ் அசையவில்லை. பூட்ஸ் மண்ணைப் பிடித்திருந்ததா, மண் பூட்ஸைப் பிடித்திருந்ததா என்று சொல்ல முடியவில்லை. அவள் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சொம்புத் தண்ணீரை அவருக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் காலடியில் ஊற்றினாள். மற்றதெல்லாம் மரத்துக்கு எப்படியோ அப்படி. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முதலில் கண்டுகொண்டவை ஆடுகள். அக்னி நட்சத்திரத்தில், உச்சி வேளையில், எந்தப் பொருளின் நிழலும் அதன் காலுக்கடியில் சுருண்டுகொள்கிற நேரத்தில், மதார் பாயின் ஐந்து ஆடுகளும் கோதண்டத்தைச் சுற்றிப் படுத்து அசைபோட்டன. மதார் பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். மிலிட்டரியின் நிழல் சுருங்காமல், அவர் தலைக்கு மேல் என்னவோ கிளை விட்டிருப்பதுபோல அகன்று, ஓரங்களில் சின்னச் சின்னதாய் அசைந்துகொண்டு, புளியமரம் எவ்வளவு இடத்தில் நிழல் போட்டதோ அவ்வளவு இடத்திலும் கிடந்தது. மேலே வெறும் வானம்தான். மதார் பாய் இரண்டு பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த நிழலில் போட்டார்.

"வியாபாரம் நிழல்லதாம்மா நடக்கும்" என்றார் நவநீதத்திடம், மன்னிப்புக் கேட்கிற குரலில். "அவரு ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரே?"

"அவரையே கேளு பாய்."

"கேட்டேன். பெஞ்சு ரோட்டுக்கு ரொம்பக் கிட்ட கீது, உள்ள தள்ளிப் போடுன்றாரு."

பெஞ்சு வந்தபின் வேர்க்கடலை விற்கும் கிளியம்மாள் கூடையை இறக்கினாள். நாற்காலியும் கண்ணாடியும் வைத்து ஒருவர் முடி வெட்ட ஆரம்பித்தார். இருநூறு அடி தள்ளி வெயிலில் நின்றுகொண்டிருந்த பஸ், யாரும் சொல்லாமலே, ஒருநாள் இங்கே வந்து நின்றது. கண்டக்டர் முதலில் புளியமரம் என்று கூவிப் பார்த்தார். மரம் எங்கேயடா என்று ஒரு கிழவர் சண்டைக்கு வரவும், "நிக்கிறவர் ஸ்டாப்பிங்லாம் எறங்கு, எறங்கு" என்று மாற்றிக்கொண்டார். ஒரு மாசத்தில் அதுவே பேராகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைகளில் 'நிக்கிறவர் ஸ்டாப்பிங் அருகில்' என்று அச்சடித்தார்கள். நெடுஞ்சாலைக்காரர்கள் வருஷா வருஷம் சாலையோர மரங்களுக்கு வெள்ளையும் காவியும் பட்டை அடித்து எண் போட வருவார்கள். சுண்ணாம்பு வாளியோடு வந்தவன் கோதண்டத்தின் முன் கொஞ்சநேரம் யோசித்தான், மேஸ்திரியைக் கூப்பிட்டான், மேஸ்திரி மேலே பார்த்தார், கீழே நிழலைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், பட்டியலில் அந்த இடத்துக்கு ஒரு மரம் இருந்தது. கால்சட்டையின் மேல் முழங்காலுக்குக் கீழே வெள்ளைப் பட்டை அடித்து 214 என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

நவநீதம் ஓடிவந்து முந்தானையால் தேய்த்தாள். போகவில்லை.

"உடு" என்றார் கோதண்டம். "கவர்மெண்ட் நம்பர்தான. நல்லதுதான். ரெக்கார்டுல ஏறும்."

ஊரில் மற்ற மிலிட்டரிக்காரர்கள் ஆரம்பத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வராமல் சுற்றுவழியாகப் போனார்கள். வயசான ஒரு சுபேதார் மட்டும் ஒருநாள் நேராக வந்து, கோதண்டத்தின் முன் நின்று, செருப்பைச் சேர்த்து ஒரு நிமிஷம் நிமிர்ந்து நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பின் காலையில் கடக்கும் எல்லோரும் தலையை லேசாக அசைத்தார்கள், காவல் சாவடியைக் கடக்கிறவர்கள் மாதிரி. அந்த நிழலில் நின்று யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. பேசிவிட்டால் வெயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள்.

எல்லோருக்கும் அவர் கிடைத்தார். நவநீதத்துக்குத்தான் கிடைக்கவில்லை. விடிவதற்கு முன்னால் புடவையைச் சுற்றிக் கட்டி மறைத்து அவருக்குத் தண்ணீர் ஊற்றுகிற அந்தக் கால்மணி நேரம்தான் அவள் பங்கு. முதுகில் கை வைத்தால் முன்பு மாதிரி சூடாக இல்லை. சொரசொரப்பாக, உள்ளே ஈரம் ஓடுகிற குளிர்ச்சியோடு இருந்தது. பேச்சு குறைந்துவிட்டது. கேழ்வரகுக் களியை இரண்டு கவளத்துக்கு மேல் வாங்கமாட்டார். பகல் பதினோரு மணிக்கு மட்டும் குரலில் பழைய மிலிட்டரி வரும்:

"துளசிங்கம், இன்னிக்கி?"

துளசிங்கத்துக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே ஒவ்வொரு நாளும் அந்த வழியாக வரவேண்டியிருந்தது. எருக்கம்பட்டுக்குத் தபாலே இல்லாத நாளிலும் ஐந்து மைல் மிதித்துக்கொண்டு வந்து, நிழலுக்கு வெளியே வெயிலில் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, "இன்னிக்கி இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் ஒருநாளும் அந்த நிழலுக்குள் வந்ததில்லை. மதார் பாய் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போய்க் கொடுப்பார்.

மூன்று வருஷம் எட்டு மாசம் ஆனபோது அதிகாரி வருகிற தேதி தெரிந்தது. ஊர் இரண்டு நாளாகப் பரபரத்தது. ஸ்டாப்பிங்கைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். முடிவெட்டுகிறவர் காசு வாங்காமல் கோதண்டத்துக்கு முகம் மழித்துவிட்டார். நவநீதம் பூட்ஸைத் துடைத்தாள், நின்ற இடத்திலேயே, மண்ணுக்கு மேலே தெரிந்த அளவுக்கு. இன்றைக்கு ஆள் இருக்கிறார் என்று எழுதிவிட்டால் போதும், அவர் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

ஜீப்பில் வந்தவர் ஒரு சின்ன வயசு டாக்டர், கேப்டன், மதுரைப் பக்கத்துப் பையன். ஜீப்பை விட்டு இறங்கி நிழலுக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றி, "அப்பாடா" என்றார். கோதண்டம் அடித்த சல்யூட்டில் கடலைக் கூடையிலிருந்து காக்கை பறந்தது. கேப்டன் காகிதங்களைப் பிரித்து, பேரும் நம்பரும் கேட்டு, ஆளைச் சரிபார்த்தார். பிறகு கேட்டார்:

"எவ்வளவு நாளா இங்கே இருக்கார்?"

அந்தக் கேள்விக்குத்தான் ஊர் காத்திருந்தது.

"மூணு வருசம் எட்டு மாசம் சார்!" என்றார் மதார் பாய், நெஞ்சை நிமிர்த்தி. "ஒருநாள் உக்காந்தது கெடையாது! இந்த ஜில்லாவுலயே காட்டுங்க சார் இப்படி ஒரு ஆள!"

"பொயல் வந்து கரண்டு கம்பமே சாஞ்சிது சார், எங்காளு சாயல" என்றார் கண்டக்டர், பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்து.

"கருங்காலி சார் அவரு காலு!" என்றாள் கிளியம்மாள். "தட்டிப் பாருங்க வேணும்னா!"

ஆளாளுக்குச் சொன்னார்கள். தங்கள் பிள்ளைக்கு மார்க் வாங்கித் தருகிறவர்கள் மாதிரி, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, சந்தோஷமாகச் சொன்னார்கள். கேப்டனின் பேனா எழுதிக்கொண்டே போனது. எழுதும்போது அவர் முகம் வாடிக்கொண்டு வருவதை நவநீதம் மட்டும் பார்த்தாள். அவளுக்குச் சுரீரென்றது. காகிதத்தில் இருப்பது நிற்க முடியாத ஆளுக்கான பென்ஷன்.

"சார், அவருக்குக் கால் முடியாது சார்" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "முட்டி நொறுங்கிப்போச்சி சார். இவங்க இன்னாமோ ஒளர்றாங்க. ஒரு மணி நேரம்கூட அவரால நிக்க முடியாது."

கேப்டன் அவளைப் பார்த்தார், 214 என்று எழுதியிருந்த காலைப் பார்த்தார். குனிந்து முட்டியை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து, மெல்ல, "கால் எப்படி இருக்கு? வலி இருக்கா?" என்று கேட்டார்.

அத்தனை வருஷ சர்வீஸில் அதிகாரி எவரும் வரிசையில் வந்து குறை உண்டா என்று கேட்டால் சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் கோதண்டத்துக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். தாடையைத் தூக்கி, எதிரே எங்கேயோ பார்த்தபடி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரலில் அதைச் சொன்னார்:

"ஒரு குறையும் இல்ல, சார்!"

ஊர் கை தட்டியது.

நவநீதம் அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "உக்காருய்யா. ஒரு தடவ. ஒரே ஒரு தடவ உக்காரு. உன் கால்ல உழறேன்."

அவர் கண்ணை மட்டும் திருப்பினார். உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி அதட்டினார்: "ஆபீசர் நிக்கிறாரு நவநீதம். அவரு முன்னாடி எப்படி உக்கார்றது?"

கேப்டன் போகும்போது நவநீதத்தின் பக்கம் திரும்பினார். "நான் பார்க்கிறதைத்தாம்மா எழுத முடியும்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் போனார். ஜீப் கிளம்பியபின்னும் ஊர் கையசைத்துக்கொண்டே இருந்தது.

மதார் பாய்க்குச் சாயங்காலம்தான் புரிந்தது. கொட்டகை வாசலில் வந்து நின்று, நாலு தடவை வாயைத் திறந்தார். நவநீதம் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். "போ பாய்" என்றாள், நிமிராமல். "உன் வாய்ல மண்ணு போட எனக்கு இன்னிக்கித் தெம்பு இல்ல."

ஏழு வாரம் கழித்துத் தபால் வந்தது. துளசிங்கம் உத்தியோகத்தில் செய்யக்கூடாத ஒரு காரியத்தை அன்றைக்கு முதல்முறையாகச் செய்தார்: மதார் பாயின் பாய்லர் ஆவியில் உறையைக் காட்டிப் பிரித்தார். படித்தார். சோற்றுப் பருக்கை வைத்து மறுபடி ஒட்டினார். பிறகு கொட்டகைக்கு வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். மனுதாரர் எந்தத் துணையும் இன்றி நீண்ட காலம் நிற்க வல்லவர் என்று நேரில் அறியப்பட்டதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது, கோப்பு முடிக்கப்படுகிறது, இனி இதுபற்றிக் கடிதப் போக்குவரத்து இல்லை.

"அன்னிக்கி ஒரே ஒரு ஆள நான் கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு ஆளக் கேட்டிருந்தா" என்றாள் நவநீதம்.

துளசிங்கம் உறையை மறுபடி பைக்குள் வைக்கப் போனார்.

"நான் எடுத்துக்கினு பூட்றேங்க்கா. வரவே இல்லன்னு தினமும் சொல்லிட்றேன். எனக்குப் பழக்கம்தான."

"தினமும் சொல்லுவ. அவரும் தினமும் நிப்பாரு. எத்தினி வருசம்?" அவள் எழுந்து முகம் கழுவினாள். குங்குமம் வைத்தாள். "குடுத்துடு. பென்ஷன் சாங்ஷன் ஆயிடுச்சின்னு நான் சொல்றேன். நீயும் ஆமான்னு சொல்லு. மனுசன ஊட்டுக்குக் கூப்பிட்டுக்கினு வரணும், அவ்ளோதான்."

கொட்டகையிலிருந்து ஸ்டாப்பிங் அறுபது அடி. அந்த அறுபது அடியும் அவள் அந்தப் பொய்யை வாய்க்குள் வெல்லக்கட்டி மாதிரி உருட்டிக்கொண்டே போனாள், ஆயிடுச்சிய்யா, சாங்ஷன் ஆயிடுச்சி, வந்துடுச்சி, சந்தோஷமாகச் சொல்லவேண்டும், குரல் உடையக்கூடாது, சிரித்துக்கொண்டு சொல்லவேண்டும் என்று. துளசிங்கம் முதல்முறையாக அந்த நிழலுக்குள் காலை வைத்தார். கோதண்டம் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நவநீதம் வாயைத் திறப்பதற்குள் உறையைக் கிழித்துவிட்டார்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவர் விரலைத் தெரியும். காகிதத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்திப் படிப்பது அவர் வழக்கம். விரல் முதல் வரியில் போனது, இரண்டாவதில் போனது, மூன்றாவது வரியின் நடுவில் நின்றது. ஒரு பஸ் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் போனது, புழுதி எழுந்து அடங்கியது. விரல் அங்கேயே இருந்தது. பிறகு நகர்ந்து, ஒரு வரியையும் விடாமல், கீழே கையெழுத்து வரைக்கும் போய் முடிந்தது. அவர் காகிதத்தை மடிந்த மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். நவநீதத்தைப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப்பின், எதிரே எங்கேயோ பார்க்காமல், அவளையே பார்த்தார்.

"சாங்ஷன் ஆயிடுச்சி, நவநீதம்" என்றார்.

அவள் வாயில் இருந்தது அப்படியே தொண்டைக்குள் இறங்கியது.

"ஆயிடுச்சா?"

"ம். அடுத்த மாசத்திலேந்து."

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றாள் அவள். சிரிக்க முடிந்தது. "அப்ப வாய்யா. ஊட்டுக்குப் போலாம்."

அவர் இடது காலைத் தூக்கினார். மண் பிளந்து விட்டுக்கொடுத்தது. வலது காலைத் தூக்கினார். மூன்று வருஷம் பத்து மாசமாக அந்த முட்டிக்கு வரவேண்டியிருந்த வலி முழுவதும் அந்த ஒரு கணத்தில் வந்தது. அவர் சத்தம் போடவில்லை, அவள் தோளின் மேல் சாய்ந்தார், தோளோடு சேர்ந்து இரண்டு பேரும் சரிந்தார்கள். மதார் பாயும் துளசிங்கமும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். நிழல் போய்விட்டது. பெஞ்சில் இருந்தவர்களும் கிளியம்மாளும் பாதி முடி வெட்டின ஒருவரும் அந்த மத்தியான வெயிலில், வெயில் பட்டதையே அறியாதவர்களாக, வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன்பின் அவர் எழுந்து நிற்கவே இல்லை. நவநீதம் எழுதச் சொல்லி, கேப்டனுக்கு ஒரு கடிதம் போனது, நேரில் வந்து பார்க்கச் சொல்லி. கோப்பு முடிக்கப்பட்டதென்று மூன்று வரியில் பதில் வந்தது. அதை அவள் அவருக்குக் காட்டவில்லை. பெரிய ஆபீஸின் காகிதங்களில் லான்ஸ் நாயக் கோதண்டம் இன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் அவர் கிடந்தது ஏழு மாசம். மாசம் பிறந்தால் நவநீதம், "பேங்க்ல போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கால் கிலோ கறி வாங்கி வருவாள். அந்தக் கறிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கசாப்புக்காரருக்கும் மதார் பாய்க்கும் தெரியும். மற்றவர்களும் கேட்காமல் தெரிந்துகொண்டார்கள். கோதண்டம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுவார்.

"கரெக்டா மொத தேதிக்கு வந்துடுது பாரு" என்பார்.

"கவர்மெண்ட் பணமாச்சே" என்பாள் அவள்.

பாஸ்புக்கைக் காட்டு என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. பையிலிருக்கிற காகிதத்தைக் குடு என்று அவளும் கேட்கவில்லை. ஒரு தடவை, காய்ச்சல் கடுமையாக இருந்தபோது, அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நவநீதம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "ஒண்ணும் சொல்லவேணாம். கஞ்சி குடி" என்றாள். அவர் குடித்தார்.

மார்கழி கடைசியில் இறந்துபோனார். நாலு மிலிட்டரிக்காரர்கள் தூக்கினார்கள். சட்டையைக் கழற்றலாமா என்று கேட்டபோது நவநீதம் வேண்டாம் என்றாள். பொத்தான் போட்ட பையோடு அப்படியே எரித்தார்கள். துளசிங்கம் அந்த வருஷமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஸ்டாப்பிங்கில் பஞ்சாயத்து ஒரு தகரக் கூரை போட்டது. அதற்கடியில் உட்கார்ந்தால் வெளியே இருப்பதைவிட அதிகமாகக் காந்தும்.

நவநீதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டு, அங்கேயே சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் ஆறு வருஷம் இருந்தாள். ஒரு பங்குனி மாசம் மஞ்சள்காமாலை வந்து ஒன்பது நாளில் இறந்தாள்.